பதிமூணு வயசுக்கு மேல எங்க புள்ளைங்க படிக்க என்ன இருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி உங்க வாசகர் பக்கத்துல ஒரு ஐயா எழுதியிருந்தாரு, இந்தக் காலத்துப் புள்ளைங்க தமிழ்ப் புத்தகத்தத் தொடுறதே இல்ல, கைக்கு ஃபோனு வந்ததோட எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு. ஐயா மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல, ஆனா ஒண்ணு கேக்கணும்னு தோணுச்சு. தொடுறதுக்கு நாம என்ன வச்சிருக்கோம்? அதக் கேக்கத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமா போகும், நீங்க வெட்டுறதா இருந்தா நடுவுல வெட்டுங்க, கடைசில கேக்கறத மட்டும் விட்டுடாதீங்க.

நான் இங்க மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட்ல ஸ்கூல் வேன் ஓட்டுறவ. விடியறதுக்கு முன்னாடியே தாமான் தாமானா, அதான் வீடமைப்புப் பகுதியெல்லாம் சுத்தி, இன்னும் நம்ம ஆளுங்க குடியிருக்கற தோட்டத்து லயத்து வரிசை வீடுங்களுக்குள்ளயும் போயி ஏத்திக்கிட்டு வரணும். தமிழ்ப்பள்ளி பொடுசுங்களும் இடைநிலைப்பள்ளி பெரிய புள்ளைங்களும் ஒரே வேன்லதான். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஒரு மாகி மீ பெட்டில புத்தகம் போட்டு வச்சிருக்கேன், யாரு வேணா எடுக்கலாம், பேரு எழுத வேணாம், கெழிச்சா மட்டும் சொல்லணும். இத ஒரு பெரிய சேவைன்னு நெனச்சுக்காதீங்க, வேன்ல சண்ட போடாம உக்காரணும்னு ஆரம்பிச்சதுதான். ஆனா அந்தப் பெட்டி எனக்கு ஒண்ணக் காட்டிக் குடுத்துடுச்சு. ஆறாம் ஆண்டு வரைக்கும் உள்ள புள்ளைங்க தமிழ்ல எதக் குடுத்தாலும் படிக்கிது, தெனாலிராமன், நீதிக்கதை, பேய்க்கதை, பழைய மாணவர் இதழ், எல்லாம். அதே புள்ள இடைநிலைப்பள்ளில படிவம் ஒண்ணுக்குப் போயி ஆறு மாசம் ஆனா பெட்டிப் பக்கமே திரும்பறது இல்ல. தமிழ் மறந்து போச்சான்னா இல்ல, வாய் மூடாம தமிழ்லதான் பேசுது. பெட்டிக்குள்ள அதுக்குன்னு ஒண்ணும் இல்ல, அவ்ளோதான் விஷயம்.

பாருங்க, நம்ம தமிழ் அலமாரில ஒரு பக்கம் முயலும் ஆமையும். அடுத்த தட்டுக்குப் போனா நேரா மாமியா மருமக, கடன், கள்ளக்காதல், இல்லன்னா ஆராய்ச்சிக் கட்டுரை. நடுவுல பதிமூணுலேர்ந்து பதினேழு வயசு வரைக்கும் ஒரு பள்ளம். மலாய்ல அந்த வயசுக்குன்னே ரெமாஜா நாவல்னு தனி ரேக்கே இருக்கு, இங்லீஷ்ல கேக்கவே வேணாம், யங் அடல்ட்னு ஒரு கடையே வைக்கற அளவுக்கு எழுதித் தள்றாங்க, காடு, ஆறு, மழ, மிருகம், அதுக்கு நடுவுல வளர்ற ஒரு புள்ள, வீட்ல ஒடஞ்சு போன ஏதோ ஒண்ணு, அது மெல்ல மெல்லத் திரும்பத் துளுக்கறது, இப்படி நூறு விதமா. எங்க புள்ளைங்க அதத்தான் எடுத்துப் படிக்கிது, படிக்கட்டும், நானே வாங்கிப் போடுறேன். ஆனா அத மட்டுமே படிச்சா என்ன ஆகுதுன்னு வேன் கண்ணாடில பாத்துக்கிட்டே இருக்கேனே.

ஒரு படிவம் ரெண்டு பொண்ணு, 'தி சீக்ரெட் கார்டன்' நாவல சுருக்கப் பதிப்புல படிச்சிட்டு வந்துச்சு. 1911-ல வந்த புத்தகம், ஃபிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட்னு ஒரு அம்மா எழுதுனது. இந்தியாவுல வெள்ளைக்கார வீட்ல யாருக்கும் வேண்டாத புள்ளையா வளர்ற மேரி, காலரால அப்பா அம்மா ரெண்டு பேரும் செத்துப் போயி, இங்கிலாந்துல யார்க்‌ஷயர்ல இருக்கற மாமா பங்களாவுக்கு அனுப்பிடுறாங்க, அங்க பத்து வருஷமா பூட்டிக் கெடக்கற ஒரு தோட்டம், சாவி எங்க பொதஞ்சிருக்குன்னு ஒரு ராபின் குருவி காட்டிக் குடுக்குது, புள்ள மண்ணக் கிண்டக் கிண்ட அதோட சிடுசிடுப்பும் கொறையுது, படுத்த படுக்கையா இருந்த பையனும் எழுந்து நடக்கறான். அந்தப் பொண்ணு கதைய ரசிச்சுதான் சொல்லுச்சு. சொல்லிட்டுக் கடைசில கேட்டுச்சு, "ஆன்ட்டி, மொதல்ல செத்தது அந்த ஆயாதானே, மேரிய வளத்ததே அவங்கதானே, அதுக்கு மேரி அழவே இல்லியே. ஆயாவுக்குப் புள்ளைங்க இருந்துச்சா?"

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, வண்டிய ஓட்டிக்கிட்டே இருந்தேன். இருந்துச்சா இல்லையான்னு புத்தகம் சொல்லாது. அந்தப் புத்தகம் வந்த வருஷங்கள்லதான் நம்ம ஆளுங்க, ஆள் சேக்க வந்த கங்காணி பின்னாடி கூட்டம் கூட்டமா கப்பல் ஏறிக்கிட்டிருந்தாங்க, கித்தா, அதான் ரப்பர், வெல ஏறி மலாயாவே தலகால் தெரியாம காட்ட வெட்டி நட்டுக்கிட்டிருந்த காலம். ஆயா வீட்டுப் புள்ள எங்க போச்சுன்னு யாராச்சும் எழுதுனா அந்தக் கதைல பாதி நம்ம கதையாத்தான் வரும். அதுக்காக அந்த நாவல் கெட்டதுன்னு நான் சொல்ல வரல. அதுல எனக்குப் புடிச்சதே மேரி நல்ல புள்ளயா இல்லாததுதான். யாரும் அதுக்குப் புத்தி சொல்றதில்ல, கைல ஒரு மண்வெட்டி குடுக்கறாங்க, அவ்ளோதான். நம்ம தமிழ்ல புள்ளைங்களுக்கு எழுதறவங்க மூணாவது பக்கத்துலயே தாத்தாவ வர வச்சு அறிவுரைய ஆரம்பிச்சுடுறாங்க, பதினாலு வயசுப் புள்ள அந்தத் தாத்தாவப் பாத்ததும் புத்தகத்த மூடிடுது. தப்பே இல்ல.

பையனுங்களுக்கு 'ஹாட்செட்'. கேரி பால்சன் 1987-ல எழுதுனது. பிரையன்னு பதிமூணு வயசுப் பையன், சின்ன பிளேன்ல போறப்ப பைலட்டுக்கு மாரடைப்பு, கனடா காட்டுல ஒரு ஏரில பிளேன் விழுது, கைல அம்மா வாங்கிக் குடுத்த சின்னக் கைக்கோடாலி மட்டும், அத வச்சு 54 நாள் தனியா தாக்குப் புடிக்கறான். கோடாலியக் கல்லுல அடிச்சு அடிச்சுப் பொறி பறக்க வச்சு நெருப்பு மூட்டற எடம் வரும், அதப் படிச்சிட்டுப் பின் சீட்ல ஒரே அமளி, நம்மளால முடியுமா முடியாதான்னு. நான் சொன்னேன், டேய், எங்கப்பா மழைல நனஞ்ச வெறகுல அடுப்பு பத்த வைப்பாருடா, எப்படின்னு சொல்லு பாப்போம்னு. ஒருத்தனுக்கும் தெரியல. கோட்டுப்பால் ஒரு இழை, கித்தா மரத்துல வெட்டுன கோட்டுல காஞ்சு ஒட்டியிருக்குமே அதத்தான், சுருட்டி வெறகுக்கு அடில வச்சுக் கொளுத்துனா கருப்பா பொகைஞ்சு சொட்டுச் சொட்டா உருகி எரியும், ஈர வெறகும் கொஞ்ச நேரத்துல புடிச்சுக்கும், கண்ணு எரியும், வீடு முழுக்க நாத்தம். கனடா காட்டுல பொழைக்கறது எப்படின்னு எங்க பையனுங்களுக்குத் தெரியுது, இவனுங்க பாட்டனுங்க தெனம் விடிய நாலு மணிக்கு நெத்தில வெளக்கக் கட்டிக்கிட்டு நொழைஞ்ச காட்டப் பத்தி ஒண்ணும் தெரியல. இது அவனுங்க குத்தம் இல்லலா. யாரு எழுதி வச்சா?

எழுதலன்னு சொன்னா நம்ம எழுத்தாளருங்க கோவப்படுவாங்க. எழுதியிருக்காங்க, தெரியும், நானும் படிச்சு அழுதிருக்கேன். ஆனா நம்ம தோட்டத்துக் கதை எல்லாம் பெரியவங்க பெரியவங்களுக்காக அழுத கதை. விடியக்காலைல பேர் கூப்புடற பெரட்டு, கங்காணி, மேஸ்திரி தண்டல், குமாஸ்தா கிராணி, கள்ளுக்கடை, சயாம் மரண ரயில், ஜப்பான்காரன், அப்புறம் தோட்டத்த வித்துட்டான், கோயில இடிச்சுட்டான், கத முடிஞ்சுது. எல்லாம் நடந்ததுதான், ஒரு வரி கூடப் பொய் இல்ல. ஆனா தாமான்ல பொறந்து வளந்த பதினஞ்சு வயசுப் புள்ள அதப் படிச்சா அதுக்கு என்ன கெடைக்கும்? எல்லாம் ஏற்கனவே முடிஞ்சு போச்சு, நீ லேட்டா வந்துட்டேன்னு ஒரு சேதிதான் கெடைக்கும். கித்தா மரமும் நம்மள மாதிரி வெளியூர்லேர்ந்து வந்ததுன்னு ஒருத்தர் எழுதுனா பரவால்ல, அதையே எல்லாரும் எழுதிட்டாங்க, சலிச்சுப் போச்சு.

எனக்கு வேண்டியது வேற. புள்ள வளர்ற வேகத்துலயே மரமும் வளர்ற கத. யோசிச்சுப் பாருங்க, நம்ம தோட்டத்துல அது தானா அமைஞ்சு கெடக்கு. ஒரு புள்ள ஒண்ணாம் ஆண்டு சேர்றப்ப நட்ட கித்தா கன்னு, அது இடைநிலைப்பள்ளிக்குப் போற நேரத்துலதான் மொத வெட்டுக்குத் தயாராகும், ஆறு ஏழு வருஷம். செம்பனை, அதான் எண்ணெய்ப்பனைன்னா இன்னும் வசதி, பைல ஒரு வருஷம் போல வளத்த கன்ன படிவம் ஒண்ணுல காட்டுல நட்டா, படிவம் மூணு முடியறதுக்குள்ள மொத குலை தள்ளிடும். குரல் ஒடையறது, மொகப்பரு, வயசுக்கு வர்றது, அப்பாவோட பேச்சுவார்த்தை நின்னு போறது எல்லாம் அந்த மூணு வருஷத்துலதான் நடக்குது. இதவிட ஒரு நாவலுக்கு என்ன காலக் கணக்கு வேணும்?

நம்ம ஊர்ல பருவமே இல்ல, வெயிலும் மழையும்தான், அதனால வசந்தம் இலையுதிர்னு கத எழுத முடியாதுன்னு ஒரு வாத்தியாரு என்கிட்ட சொன்னாரு. அவரு கித்தா காட்டுக்குள்ள பிப்ரவரி மாசம் நொழைஞ்சதே இல்ல போல. சீனப் பெருநாள் ஒட்டி இலை எல்லாம் செவந்து மஞ்சளாகி ஒட்டுமொத்தமா கொட்டும், நிரை முழுக்க மொழங்கால் வரைக்கும் சருகு, நடந்தா சத்தம் ரெண்டு நிரை தள்ளிக் கேக்கும், எப்பவும் இருட்டா இருக்கற காட்டுக்குள்ள திடீர்னு வானம் தெரியும். பால் கொறைஞ்சிடும், வேல நாளும் கொறையும், வீட்ல காசு இறுக்கமாகும், பெரியவங்க மொகமெல்லாம் சுருங்கிடும், ஆனா புள்ளைங்களுக்குக் கொண்டாட்டம். அப்புறம் சில வாரத்துல செம்பு நெறத்துல தளதளன்னு துளுரு, அதோட பூவு, காடே தேன் வாசம், தேனீ ரீங்காரம். ஆறேழு மாசம் கழிச்சு வெயில்ல காய் வெடிக்கும், பட்டு பட்டுன்னு, கொட்ட எங்கயோ போயி விழும், பொறுக்கி எடுத்தா பளபளன்னு பழுப்புக் கோலம் போட்ட தோலு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. அத சிமிண்டுத் தரைல பரபரன்னு தேச்சுப் பக்கத்துல இருக்கறவன் தொடைல வச்சா சுரீர்னு சுடும், அவன் அலறுவான், சிரிப்பு. பனி விழற ஊர்க் கதையெல்லாம் எங்க புள்ளைங்களுக்கு அத்துப்படி, இது தெரியாது. ஒரே மாசத்துல வீட்ல கஷ்டமும் காட்டுல அழகும் சேந்து வருது பாருங்க, இதத்தான் வளர்ற புள்ளைக்குச் சொல்லணும்னு எனக்கு ஆச.

சரி, இயற்கை மறுபடி துளுக்கும், மனசும் துளுக்கும், எல்லாம் நல்லா ஆயிடும்னு எழுதிட்டாப் போதுமா? அங்கதான் எனக்கு இந்த இங்லீஷ் புத்தகங்க மேல ஒரு கொற. நெறைய கதைல செடி வளந்தா பிரச்சன தீந்துடுது. எங்க ஊர்ப் புள்ளைக்கு அது பொய்யின்னு தெரியும். எங்க வேன் போற வழில போன வருஷம் ஒரு பக்கம் பூராவும் பழைய செம்பனைய சாச்சாங்க, இருபத்தஞ்சு வருஷம் ஆயிடுச்சு, குலை எட்டல, மறுநடவு. எக்ஸ்கவேட்டர் வந்து மரத்தத் தள்ளி அங்கயே துண்டு துண்டா சீவிப் போட்டுடும், முன்ன மாதிரி எரிக்கறது இல்ல. மழ பேஞ்சு அது மக்க ஆரம்பிச்சா உள்ள காண்டாமிருக வண்டு முட்ட போடும், வெள்ளையா கட்டவெரல் தண்டிக்குப் புழு, அத அப்படியே விட்டா வண்டாகி புதுக்கன்னோட குருத்தத் தொளைக்கும், அதனால மேல மூடுகொடி படர விடுவாங்க, கொஞ்ச நாள்ல செத்த மரம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, பச்சப் போர்வைதான், நடுநடுல வரிசையா சின்னச் சின்னக் கன்னு. வேன்ல சின்னதுங்க அழகா இருக்குன்னு சொல்லுச்சு. ஒரு படிவம் நாலு பையன் மட்டும் ஒண்ணும் சொல்லாம பாத்துக்கிட்டு வந்தான். அவங்க தாத்தா அந்தப் பழைய மரத்த நட்ட ஆளு. புதுக்கன்ன நட்டது காண்ட்ராக்ட்ல வந்த வெளிநாட்டுத் தம்பிங்க. கித்தாவ அழிச்சுச் செம்பனை நட்டப்ப ஆள் தேவ கொறஞ்சு, குடும்பம் குடும்பமா லயத்த விட்டுப் போச்சு, தமிழ்ப்பள்ளில பேரு கொறஞ்சுது. அப்ப புதுசா துளுக்கறது யாருக்கு? இந்தக் கேள்விய கேக்கற ஒரு நாவல் வேணும், அதுவும் அழுவாம கேக்கணும், பதினாறு வயசுக்காரன் கேக்கற மாதிரி கொஞ்சம் திமிரோட கேக்கணும்.

இப்படி எழுத முடியுமான்னா முடியும், ஒருத்தர் எழுதியிருக்காரு. எங்க மாமா வச்சிருந்த பழைய ரஷ்யப் பதிப்பு, தமிழ்லயே அச்சடிச்சு வந்தது, சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதுன 'முதல் ஆசிரியர்', மூலம் 1962. கிர்கீஸ் மலைல ஒரு ஏழை ஊரு, துய்ஷேன்னு பட்டாளத்துலேர்ந்து வந்த ஒரு வாலிபன், அவனுக்கே எழுத்து அரகொற, பழைய குதிரை லாயத்த சுத்தம் பண்ணிப் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கறான், சில்லிட்டுப் போன ஓடையில புள்ளைங்களத் தூக்கிக்கிட்டுக் கடக்கறான். அல்தினாய்னு ஒரு அனாதப் பொண்ணு, சித்தி வீட்ல அடியும் வசவும், கடைசில அந்தப் பொண்ண ஒருத்தனுக்கு ரெண்டாந்தாரமா தள்ளி விட்டுடுறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் துய்ஷேன் ரெண்டு பாப்ளார் கன்னு கொண்டு வந்து, வா நாம சேந்து நடலாம்னு ரெண்டு பேரும் குன்று மேல நடுறாங்க. அவ்ளோதான், அத வச்சு அவரு ஒரு பாடமும் நடத்தல.

அந்தப் பொண்ணு பின்னாடி பெரிய படிப்பு படிச்சு ஊரே கொண்டாடற ஆளா வருது. புதுப் பள்ளிக்கூடம் தெறக்கறாங்க, விருந்து, பேச்சு, அந்த நேரத்துல வாழ்த்துத் தந்தி கொண்டு வர்ற கெழட்டுத் தபால்காரன் யாருன்னா துய்ஷேன்தான். உள்ள கூப்புடச் சொல்றாங்க, அதுக்குள்ள அவரு மத்தக் கடிதங்களக் குடுக்கக் கெளம்பிட்டாரு, போனா போகட்டும்னு விட்டுடுறாங்க. மரம் ரெண்டும் வானத்துக்கு வளந்து நிக்குது, ஊர்ப் புள்ளைங்க அதுல ஏறி உச்சிலேர்ந்து பாத்தா அதுவரைக்கும் தெரியாத ஒலகம் தெரியுது, நட்டவன் தபால் பையோட போறான். மரம் வளந்துச்சு, ஆனா நியாயம் வளரல, ரெண்டையும் ஒரே கதைல சொல்லிட்டாரு பாருங்க. லெனின் படம் அடிக்கடி வரும், அது அந்தக் காலம், அந்த நாடு, தாண்டிப் போயிடலாம். எங்க வேன்ல ஒரு படிவம் நாலு பொண்ணு இத ரெண்டு தடவ எடுத்துட்டுப் போச்சு, அட்டை பிரிஞ்சு செலோடேப் போட்டு ஒட்டிக் குடுத்துச்சு. தமிழ் ஓடாதுன்னு சொல்ற அதே வயசுதான். மலையும் குதிரையும் இருக்கற ஊர்க் கத, நம்ம ஊருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா பொண்ணுக்கு ஒட்டிக்கிச்சு, ஏன்னா எழுதுன மனுசன் தான் பாத்த மண்ண, பாத்த மரத்த எழுதியிருக்காரு.

நமக்குச் சரக்கு இல்லாமயா இருக்கு? எங்க ஊர்லேர்ந்து கொஞ்ச தூரம் போனா கோலகங்சார், 1877-ல சிங்கப்பூர் வழியா வந்த கன்னுல ஒம்போத நட்ட எடம், அதுல ஒரு மரம் இன்னும் நிக்குது. அதுக்கு முந்துன வருஷம் ஹென்ரி விக்கம் பிரேசில்லேர்ந்து 70,000 கொட்டைய லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனாரு, மொளச்சது மூவாயிரம் கூட இல்ல. ஸ்கூல் டிரிப்ல புள்ளைங்க அங்க எறங்கி செல்ஃபி எடுத்துட்டு வந்துடுது. இல்லன்னா செம்பனைப் பூவு கதைய எடுங்க. 1981-க்கு முன்னாடி பல தோட்டத்துல செம்பனைக்குக் கையாலதான் மகரந்தம் போடணும், பவுடர் மாதிரி இருக்கறத மட்டையில முள்ளு குத்தக் குத்த ஒவ்வொரு பூவுலயும் அடிப்பாங்க, அதுல நெறைய பேரு நம்ம பொம்பளைங்க. 1981-ல கேமரூன்லேர்ந்து குட்டியூண்டு வண்டு ஒண்ணக் கொண்டாந்து விட்டாங்க, அது பாத்துக்கிச்சு வேலைய, வெளச்சல் ஏறிப் போச்சு, கை வேல நின்னு போச்சு. அம்மாவோட வேலைய ஒரு வண்டு எடுத்துக்கிச்சு, மகளுக்கு அந்த வண்டப் புடிச்சுப் பாக்கணும்னு ஆச, பூச்சி படிக்கணும்னு ஆச. இதுக்கு மேல என்னங்க வேணும் ஒரு நாவலுக்கு, நானே எழுதியிருப்பேன், எனக்கு ஸ்டியரிங் புடிக்கத்தான் வரும்.

தோட்டத்தத் துண்டு போட்டு வித்த காலத்துல, 1960-ல, எங்க சுங்கை சிப்புட்ல பொறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு, பாட்டாளிங்க பத்துப் பத்து வெள்ளியா போட்டுத் தோட்டம் வாங்குனாங்களே, அந்தப் பத்து வெள்ளிய வீட்ல யாரு விட்டுக் குடுத்தா, எந்தப் புள்ளையோட சப்பாத்து அந்த மாசம் வாங்காம போச்சு, அதுவும் கததான். எங்க ஊருக்கு மேல லாசா பக்கம் போனா தெமியார்னு பூர்வகுடி மக்களோட கம்பங்கள், அதான் கிராமங்க, இருக்கு, அந்தப் புள்ளைங்களும் எங்க புள்ளைங்களும் ஒரே கான்டீன்ல மீ கோரெங் சாப்புடுதுங்க, காட்டப் பத்தி அதுங்களுக்குத் தெரியறதுல கால்வாசி நமக்குத் தெரியாது, ஒரு தமிழ்க் கதைல ஒரு தெமியார் பையன் கூட்டாளியா வந்து நான் பாத்ததே இல்ல.

ஆறாம் ஆண்டுப் பரிட்ச யூபிஎஸ்ஆர் 2021-ல போச்சு, படிவம் மூணுப் பரிட்ச பிடி3 அடுத்த வருஷமே போச்சு. முன்ன மாதிரி பரிட்ச புத்தகம்தான் வாங்குவோம்னு பெத்தவங்க சொல்றதுக்கு ஒரு காரணம் கொறஞ்சுடுச்சு. இப்பத்தான் நேரம். ஆனா வாசிப்புப் பதிவேட்டுல எண்ணிக்க காட்டறதுக்காகப் பின்னட்டையப் பாத்து சுருக்கம் எழுதற பழக்கத்தையும் யாராச்சும் நிறுத்தணும், இது எல்லாப் பள்ளிக்கும் பொதுவா சொல்றேன், எங்க பள்ளியச் சொல்றேன்னு டீச்சருங்க சண்டைக்கு வர வேணாம்.

இப்ப உங்க கிட்ட கேக்கறது. ஞாயிறு பதிப்புல சினிமாவுக்கு எத்தன பக்கம், ராசி பலனுக்கு எவ்ளோ எடம்னு உங்களுக்கே தெரியும். மாணவர் பக்கம்னு போடறீங்க, அதுல ஆண்டு ஆறு வரைக்கும்தான், நெறம் தீட்டறது, கூட்டல் கழித்தல், பொன்மொழி. அரைப் பக்கம் குடுங்க, படிவம் ஒண்ணு முதல் அஞ்சு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு ஒரு தொடர்கத, நம்ம தோட்டப்புற டவுன்ல நடக்கறது. போட்டி வைக்காதீங்க, போட்டின்னா நடுவர் என்ன நெனப்பாருன்னுதான் எழுதுவாங்க, தாத்தா வந்துடுவாரு. எழுதத் தெரிஞ்ச ஒருத்தரக் கூப்புட்டு, காசு குடுத்து, ரெண்டு மாசம் தோட்டத்துப் பக்கம் சுத்திட்டு வாங்கன்னு அனுப்புங்க. பெரட்டுக் களத்துக்கு விடியறதுக்கு முன்னாடி போகட்டும், செம்பனைக் காட்டுல எலி புடிக்கறதுக்குன்னு கம்பத்துல ஆந்தைக்குப் பெட்டி கட்டி வச்சிருக்காங்களே அதுக்கடில ஒரு ராத்திரி நிக்கட்டும், நர்சரில கன்னுப் பை தூக்கற தம்பிங்ககிட்ட பேசட்டும். பெரிய புள்ளைங்க பேசற பேச்சே இருக்கட்டும், மலாய் கலந்துதான் பேசும், அதத் திருத்த வேணாம். படம் போடறவரு தயவு செஞ்சு செம்பனைய தென்ன மரம் மாதிரி வரையக் கூடாது, எங்க பையனுங்க மொத நாளே சிரிச்சுட்டுத் தூக்கிப் போட்டுடுவானுங்க.

எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கணும், வேன் குலுங்கும். எங்க ஊர்ல ஞாயித்துக்கெழம பேப்பர் காலைல சீக்கிரமே தீந்துடுது, தொடர் போடறதா இருந்தா முன்னாடியே ஒரு வரி அறிவிச்சுடுங்க, கடைக்காரர்கிட்ட நாலு காப்பி சேத்து எடுத்து வைக்கச் சொல்லணும்.

இப்படிக்கு,
ஸ்கூல் வேன் ஓட்டும் வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்